மணற்காட்டு மணலுக்கு மவுண்டன் சைக்கிளில்: நாலு பேர், இரண்டு நாள், முழுச் செலவுக் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து மணற்காட்டுக்குச் சைக்கிளில் போய்வர எவ்வளவு முடியும் என்று கேட்டால், "சைக்கிள்தானே, என்ன பெரிய செலவு" என்றுதான் பலரும் சொல்வார்கள். பெற்றோல் இல்லை, ரிக்கற் இல்லை, உண்மைதான். ஆனால் மணலுக்குள் போய்வந்த சைக்கிள் அடுத்த மாதம் கேட்கும் செலவையும், வழியில் ரியூப் போய்விட்டால் அந்த நேரத்துக்கு ஏற்றியிறக்கப் போகும் காசையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. போகும் வழியில் கரைவது கொஞ்சம்தான். வெளிக்கிட முந்தியும் வீடு வந்த பிறகும் போவதுதான் அதிகம்.

குடாநாட்டில் பாலைவனம் இல்லை. வடமராட்சி கிழக்கில், வல்லிபுரம் தாண்டிக் குடத்தனைப் பக்கம் போனால் கடலோரமாக எழும்பி நிற்கும் மணல் மேடுகளும், அவற்றுக்கு நடுவே பாதி மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயில் சுவர்களும், பின்னால் சவுக்கங்காடும் உண்டு. அதுதான் மணற்காடு. விடியற்காலை வெயில் சாய்ந்து விழும்போது மேடுகளின் ஒரு பக்கம் பொன்னிறம், மறுபக்கம் நிழல். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் இத்தனை கணக்கும்.

இங்கே எழுதும் ரூபாக் கணக்கு நாலு பேர் சேர்ந்து போகும் ஒரு பயணத்துக்கான மாதிரி. கடைக்குக் கடை விலை மாறும். எண்களை விடுங்கள், எந்த வரிசையில் எழுதுவது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மணித்தியாலத்தை எழுதுங்கள்

கொப்பியில் முதற் பக்கத்தில் எழுதவேண்டியது தூரம் இல்லை, நேரம். யாழ்ப்பாணம் நகரிலிருந்து கோப்பாய், நீர்வேலி, ஆவரங்கால், வல்லை, நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை ஏறக்குறைய 34 கிலோமீற்றர். அங்கிருந்து வல்லிபுரம் வழியாக மணற்காடு இன்னும் 12 அளவில். ஆக ஒருவழி 46. ரேஸ் சைக்கிள்காரனுக்கு இது காலைச் சவாரி. அகன்ற ரயரும் முதுகுப் பையுமாகப் போகிறவருக்கு நல்ல றோட்டில் மணிக்கு 14, 15 கிலோமீற்றர்தான் வரும். மணலில் அது 3, 4 ஆகிவிடும், பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள்.

நாங்கள் சொல்லும் திட்டம் இது. முதல் நாள் பின்நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, வழியில் தேத்தண்ணிக்கு நிற்பதையும் சேர்த்து 3 மணித்தியாலத்தில் பருத்தித்துறை. இரவு அங்கே தங்கல். இரண்டாம் நாள் காலை 5 மணிக்கு எழும்பி, வெளிச்சம் வரும்போது மணற்காடு, ஒரு மணித்தியாலம். மணலில் 8 கிலோமீற்றர் சுற்ற இரண்டரை மணித்தியாலம். வெயில் ஏறமுதல், 9 மணியளவில், மணலை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு சாப்பாடு, ஓய்வு, வீடு திரும்ப 4 மணித்தியாலம். மொத்தம் பத்தரை. தண்ணீர், சாப்பாடு, களைப்பு எல்லாவற்றையும் இந்தப் பத்தரையைக் கொண்டுதான் கணக்குப் பார்க்க வேண்டும். 92 கிலோமீற்றர் என்று எழுதி வைத்துக் கணக்குப் போட்டவர்கள்தான் மத்தியானம் நெல்லியடியில் தண்ணிப் போத்தல் தேடி அலைவார்கள்.

எந்த மாதம் மலிவு?

மாதம் சரியென்றால் செலவு தானாகக் குறையும். தை கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை நல்லது. மாரி மழை விட்டிருக்கும், மணலுக்குள் ஈரம் இருக்கும். ஈர மணல் ரயருக்குக் கீழே இறுகி நிற்பதால் தள்ளும் தூரம் குறையும், தண்ணீரும் குறையும். சித்திரையில் வெயில் கொல்லும்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வடகிழக்கில் கிடப்பதால் போகும்போது காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு நேரே. வல்லை வெளியில் மரமும் இல்லை மதிலும் இல்லை, கியரை இறக்கி இறக்கி நடக்கும் வேகத்தில்தான் வரவேண்டியிருக்கும். சோளக மாதத்தில் போகிறதென்றால் திரும்பும் 4 மணித்தியாலத்தை 5 ஆக்கி எழுதுங்கள், ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரும் ஒரு தேத்தண்ணியும் கூட்டுங்கள். வாடை காலத்தில் இதற்கு மறுதலை, போகும்போது கஷ்டம், வரும்போது சுகம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குப் பயணத்தையே விடலாம்.

இரண்டு திருவிழாவையும் நாட்காட்டியில் பாருங்கள். நல்லூர்க் கொடியேறிய 25 நாளும் நகரில் அறைக்கூலி ஏறும், கோயிலைச் சுற்றி றோட்டும் மாற்றி விடுவார்கள். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்குச் சனம் திரளும் நாளில் அந்தப் பக்கம் அறையும் இல்லை, வழியும் இல்லை.

சைக்கிளில் போகும் காசு

இங்கேதான் பட்ஜெட் உடையும். ஆகவே பொறுமையாக.

வெளிக்கிட இரண்டு கிழமைக்கு முதல் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாளைக்கு முதல் பார்த்தால் கடைக்காரர் வைத்திருப்பதுதான் விலை, வைத்திருப்பதுதான் சாமான். முன்சில்லைக் கையால் சுழற்றிக் காதை அச்சுக்குக் கிட்ட வையுங்கள். சரசர என்று கேட்டால் அச்சைச் சுற்றியுள்ள இரும்புக் குண்டுகளில் கிறீஸ் இல்லை, மணல் போனால் அது அரைகல்லாகிவிடும். சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் அந்தக் குண்டுகளைப் பிடிக்கும் கூம்பை இறுக்க வேண்டும். பெடல் தண்டும் அப்படியே. பிறேக் கட்டையில் கோடு தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மணலும் தேய்ந்த கட்டையும் சேர்ந்தால் றிம்மைச் சீவும், றிம் மாற்றுவது கட்டை மாற்றுவதைப்போலப் பல மடங்கு.

பிறகு ரயர். அகலம் 2 அங்குலத்துக்குக் குறைந்த ரயரோடு மணலுக்குப் போவது சைக்கிளைச் சுமக்கப் போவதுதான். 2.1, 2.25 என்றால் பரவாயில்லை. பக்கச் சுவரில் நூல் தெரிகிறதா என்று பாருங்கள். காத்து இறக்கி ஓடும்போது மடிவது அந்தச் சுவர்தான், அங்கே கிழிந்தால் ரியூப் வெளியே பிதுங்கும். ரயர் இரண்டும் புதிதாக வாங்க வேண்டிவந்தால் அது தனியொரு செலவு. மாதிரிக்கு ஒன்று 4,500 என்றால் 9,000. இதைப் பயணச் செலவில் எழுதாதீர்கள், சைக்கிள் செலவில் எழுதுங்கள். இல்லையென்றால் "மணற்காட்டுக்குப் போக இவ்வளவு முடிந்தது" என்று வருடம் முழுக்கக் குறைப்படுவீர்கள்.

ரியூப் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். ஊர்ச் சைக்கிள் கடைகளில் 28 அங்குலச் சாதாரணச் சைக்கிள் ரியூப் எப்போதும் இருக்கும், 26 அங்குலம் பெரும்பாலும் கிடைக்கும். 27.5, 29 அங்குலம் என்றால் வல்லை தாண்டிய பிறகு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆளுக்கு இரண்டு ரியூப் கையில் இருக்கட்டும். நாலு பேரும் ஒரே அளவு சில்லுள்ள சைக்கிளில் போனால் எட்டு ரியூப் தேவையில்லை, ஐந்து போதும். குழுவைச் சேர்க்கும்போதே சில்லளவைக் கேட்டுக்கொள்வது நல்ல மிச்சம். வால்வும் ஒரே வகையாக இருந்தால் காத்தடிக்கும் பம் ஒன்று போதும். மோட்டார் சைக்கிள் மாதிரித் தடித்த வால்வு ஒருவருக்கும், மெல்லிய வால்வு ஒருவருக்கும் என்றால் இரண்டுக்கும் பொருந்தும் தலை கொண்ட பம் பாருங்கள்.

பம் வாங்கும்போது அகன்ற குழாயுள்ளதை எடுங்கள். மெல்லிய சிறு பம்மால் அகன்ற ரயருக்கு 40 பி.எஸ்.ஐ. காத்தழுத்தம் ஏற்றுவதற்கு நூற்றுக்கணக்கான அடி அடிக்க வேண்டும். அந்த வெயிலில் நாலு சைக்கிள், எட்டு ரயர். கணக்குப் பாருங்கள்.

சங்கிலிக்கு எண்ணெய் தடவும் பழக்கம் ஒன்று இங்கே எல்லாருக்கும் உண்டு. மோட்டார் சைக்கிளில் மிஞ்சிய எஞ்சின் ஓயில், இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய். மணலுக்கு இரண்டும் கூடாது. ஈரமாக ஒட்டும் எண்ணெயில் மணல் பொரித்த வடையில் எள்ளு ஒட்டினமாதிரிப் பிடித்துக்கொள்ளும். பிறகு செயினும் பல்லும் ஒன்றையொன்று அரைக்கும். மெழுகு கலந்த, காய்ந்துபோகும் வகை செயின் எண்ணெய் ஒரு சிறு போத்தல் நாலு பேருக்கும் போதும், இரண்டு மூன்று பயணத்துக்கு வரும். வெளிக்கிட முந்தின இரவே போட்டுவிடுங்கள். வெளிக்கிடும் நேரத்தில் போட்டால் காயாது.

இவற்றோடு ஒட்டுப்பெட்டி இரண்டு, செயின் அறுந்தால் கோர்க்கும் கருவி ஒன்று, அதற்கான இணைப்புக் கண்ணி, ஆறுகோண அலன்சாவிக் கொத்து. சைக்கிள் இரவல் வாங்கிப் போகிறவர் இன்னொன்றும் எழுதவேண்டும்: திருப்பிக் கொடுக்க முதல் குண்டு கழுவிக் கிறீஸ் போடும் கூலி. கேட்டால்தான் கொடுப்பேன் என்று இருக்கக்கூடாது, சைக்கிள் தந்தவருடன் உள்ள உறவு அந்தக் கூலியைவிடப் பெறுமதி.

தண்ணீரும் சாப்பாடும்

றோட்டில் மணித்தியாலத்துக்கு ஆளுக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூட, மணலில் ஒரு லீற்றர். இரண்டாம் நாள் காலை பருத்தித்துறையிலிருந்து புறப்படும்போது ஒரு மணித்தியாலம் றோட்டு, இரண்டரை மணித்தியாலம் மணல், கைக்காவலாக ஒரு லீற்றர் என்று ஆளுக்கு 4 லீற்றர் கட்டுங்கள். நாலு பேருக்கு 16 லீற்றர், 16 கிலோ பாரம். ஒருவர் பையில் போட்டால் அவர் மணலில் விழுவார். ஆளுக்கு ஆள் பிரித்து, சைக்கிள் சட்டத்தில் ஒன்றும் பையில் மிச்சமும் வையுங்கள். தங்குமிடத்தில் குடிக்கும் தண்ணீர் நல்லதென்றால் போத்தலை அங்கேயே நிரப்பினால் காசு மிச்சம், இல்லாவிட்டால் 5 லீற்றர்ப் போத்தல் வாங்கிப் பங்கிடுவது சின்னப் போத்தலைவிட மலிவு. ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கேட்டால் மறுக்கமாட்டார்கள், ஆனால் அதை நம்பிக் குறைத்துக் கட்டக்கூடாது.

வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் மத்தியானம் கால் பிடிக்கும், தலை சுற்றும். வியர்வையோடு உப்பும் போயிருக்கும். பார்மசியில் ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பைக்கற்று ஆளுக்கு இரண்டு வாங்குங்கள். பைக்கற்றில் சொல்லும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும், ருசிக்காகத் தண்ணீரைக் குறைக்கக்கூடாது.

சாப்பாட்டுக்கு எங்கும் தேடிப் போக வேண்டாம், பருத்தித்துறை வடை இருக்கிறது. தட்டையாக மொறுமொறுவென்று பொரித்தது, உப்பும் உறைப்பும் உள்ளது, இரண்டு மூன்று நாளானாலும் பழுதாகாது, பையில் நசிந்தாலும் வடைதான். இனிப்புக்கு எள்ளுப்பாகும் பனங்கட்டியும், கொறிக்கக் கச்சானும் புழுக்கொடியலும். வெளிநாட்டுச் சக்திக் கட்டி ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் இவை நாலு பேருக்கும் ஒரு காலைக்கு வரும். சொக்லேட் வேண்டாம், எட்டு மணிக்கே கூழாகிவிடும். மத்தியானச் சாப்பாட்டை மணற்காட்டில் எதிர்பார்க்காமல் நெல்லியடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடையும் தெரிவும் அங்கேதான். வங்கி இயந்திரமும் நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும்தான், அதைத் தாண்டினால் கையிலுள்ள காசுதான் காசு.

எங்கே படுப்பது

மணல் மேட்டில் கூடாரம் அடித்து நட்சத்திரம் பார்க்க எல்லாருக்கும் ஆசை. பட்ஜெட்டிலும் அது பூச்சியம் என்றுதான் தெரியும். ஆனால் கூடாரத்தின் பாரம், இரவுக்கான தண்ணீர், சைக்கிளுக்குக் காவல் என்று பார்த்தால் பூச்சியம் இல்லை. சவுக்கங்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் சிக்கல். காய்ந்த சவுக்கம் சருகு ஒரு பொறிக்கே பிடிக்கும். ஊர்ச் சனத்துக்குச் சொல்லாமல் இரவில் கடற்கரையில் நாலு பேர் வெளிச்சம் அடித்துத் திரிந்தால் யார், எவர் என்று விசாரணையும் வரும். கட்டாயம் கூடாரம்தான் என்றால் கிராம சேவகரிடமும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்திலும் முதலே கதைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அறை எடுப்பதே எங்கள் தெரிவு. இரண்டு பேருக்கு ஓர் அறை, இரண்டு அறை, பருத்தித்துறையில். பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: சைக்கிளை உள்ளே வைக்கலாமா, காலை 5 மணிக்குப் படலை திறப்பார்களா, திரும்பி வந்து சைக்கிள் கழுவக் குழாய் தருவார்களா. மூன்றுக்கும் ஓம் என்றால் ஐந்நூறு ரூபா கூடக் கொடுத்தாலும் அந்த அறை மலிவு.

ஏற்றியிறக்கும் காசு

நாலு பேரில் ஒருவருக்குச் சைக்கிள் உடைந்தாலோ ஆள் களைத்துவிட்டாலோ என்ன செய்வது? பஸ்ஸில் சைக்கிள் ஏற்றுவது நடத்துநரின் மனத்தைப் பொறுத்தது, கணக்கில் வைக்க முடியாது. ஓட்டோவில் ஒரு சைக்கிள் கட்டலாம், இரண்டு கட்ட முடியாது. நம்பக்கூடியது பட்டா என்கிற சின்ன லொறிதான். நாலு சைக்கிளும் படுக்கவைத்தால் பின்னால் கொள்ளும். நெல்லியடி அல்லது பருத்தித்துறைப் பக்கம் பட்டா வைத்திருக்கும் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்து, "ஞாயிறு காலை கூப்பிட்டால் மணற்காட்டுக்கு வருவீங்களா, யாழ்ப்பாணம் விட எவ்வளவு?" என்று முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்ட பிறகு விலை பேசினால், நீங்கள் வெயிலில் நிற்பது அவருக்குத் தெரியும்.

காயம், மயக்கம் என்றால் பட்டாவுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். மந்திகையில் உள்ள ஆதார வைத்தியசாலை அரசாங்கத்தினுடையது. ஆகவே இதற்குக் கணக்கில் காசு வேண்டாம், எண்ணை எல்லாருடைய போனிலும் போட்டு வைத்தால் சரி.

கொழும்பிலிருந்து வரும் நண்பர் சைக்கிளை ரயிலில் பார்சலாக ஏற்ற நினைத்தால், எல்லா ரயிலிலும் எடுக்கமாட்டார்கள். முதல் நாளே நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள், பெடலைக் கழற்றி ஹாண்டிலைத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். பெடல் கழற்றும்போது இடப்பக்கத்துப் பெடல் மறுவளமாகச் சுழலும் என்பதையும் சொல்லுங்கள். அங்கேதான் முறுக்கைப் பழுதாக்குவார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பொதுச் செலவு முதலில். ஒட்டுப்பெட்டி இரண்டு 500, செயின் எண்ணெய் 1,200, செயின் கருவியும் கண்ணியும் 1,500, முதலுதவிச் சாமான் 1,000, பட்டாவுக்கு ஒதுக்கியது 6,000. கூட்டினால் 10,200. நாலால் பிரித்தால் ஆளுக்கு 2,550.

சொந்தச் செலவு: சைக்கிள் கழற்றிப் பூட்டிக் கிறீஸ் போடுவது 2,500, ரியூப் இரண்டு 2,000, அறைப் பங்கு 2,500, இரண்டு நாள் சாப்பாடு தேத்தண்ணி 3,000, தண்ணீரும் ஜீவனியும் 700, திரும்பி வந்து கழுவி எண்ணெய் போட 500. கூட்டினால் 11,200.

இரண்டும் சேர்ந்து ஆளுக்கு 13,750. இதன் ஐந்தில் ஒரு பங்கு, 2,750, கைக்காவல். மொத்தம் 16,500.

கைக்காவல் காசைத் தனிக் கடதாசியில் சுற்றி, சாமான் வாங்கும் பையில் இல்லாமல் வேறு பொக்கற்றில் வையுங்கள். ஒரே பையில் இருந்தால் ரோல்ஸ் கடையில் கரைந்துவிடும். பொதுக்காசை ஒருவர் பிடிக்க வேண்டும். இருவர் பிடித்தால் யார் கொடுத்தது என்று திரும்பும் வழியெல்லாம் வாக்குவாதம். மணல் மேட்டில் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடியைப் பற்றிய பழமொழி எல்லாருக்கும் தெரியும். திரண்டால் மிடுக்குத்தான், ஆனால் திரண்ட காசுக்குக் கொப்பி ஒன்று வேண்டும்.

குறைக்க வேண்டுமென்றால் எங்கே குறைப்பது? செயின் கருவி, முதலுதவிப் பெட்டி இரண்டும் ஒருதரம் வாங்கினால் போதும், அடுத்த பயணத்தில் 2,500 மிச்சம். ஒரே அளவு சில்லென்றால் ரியூப் மூன்று குறையும், அது 3,000. பட்டா வரவில்லையென்றால் 6,000 திரும்பி ஆளுக்கு 1,500 ஆகக் கைக்கு வரும். தண்ணீரிலும் சைக்கிள் திருத்தத்திலும் மட்டும் குறைக்காதீர்கள்.

மணலுக்குள் காசு கரையும் விதம்

தார் றோட்டு முடியும் இடத்தில் நின்று காத்து இறக்குங்கள். 65, 70 கிலோ ஆளுக்கு, ரியூப் போட்ட 2.1 அங்குல ரயரில், றோட்டுக்கு 40 பி.எஸ்.ஐ. அளவு என்றால் மணலுக்கு 18 முதல் 20. அளவு கருவி இல்லாவிட்டால் பெருவிரலால் நடுவில் அழுத்தினால் ரயர் இலேசாகக் குழிய வேண்டும், ஆனால் நீங்கள் ஏறியிருக்கும்போது றிம் நிலத்தைத் தொடக்கூடாது. 15க்குக் கீழே போனால் இரண்டு விபரீதம். ஒன்று, மணலுக்குள் மறைந்து கிடக்கும் வேரிலோ கல்லிலோ றிம் இடித்து ரியூப்பைக் கடிக்கும், பாம்பு கடித்தமாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. மற்றது, ரயர் றிம்மில் வழுக்கிச் சுழன்று ரியூப்பையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு சரிந்து அடியில் கிழியும். வால்வடியில் கிழிந்த ரியூப்பை ஒட்ட முடியாது, எறிவதுதான். வால்வு சரிந்து நிற்கிறதா என்று அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் பாருங்கள். சரிந்தால் காத்து முழுக்க விட்டு ரயரை நேராக்கி மறுபடி ஏற்றுங்கள். ஒரு ரியூப் காசு மிச்சம்.

ஓடும் இடத்தைத் தெரிந்துகொண்டால் தள்ளுவது குறையும். காற்றடிக்கும் பக்கத்து மேட்டுச் சரிவு இறுகியிருக்கும், மறுபக்கம் சொரிமணல், சில்லு அச்சுவரை போகும். கியரை மணலுக்குள் போக முதலே இறக்குங்கள். உள்ளே போய் நின்று மாற்றினால் செயின் அறுவது அங்கேதான். பாரத்தைப் பின்னுக்கு வைத்து, ஹாண்டிலை இறுக்காமல், மிதிப்பதை நிறுத்தாமல். கடலோரத்தில் ஈர மணல் றோட்டுமாதிரி இறுகி இருப்பதைப் பார்த்து எல்லாருக்கும் ஆசை வரும். ஓடலாம், ஆனால் அலை வந்து போகும் கோட்டுக்கு மேலே. சில்லு கடல் நீரைத் தெளித்தால் அன்று இரவே செயினில் சிவப்புப் பூக்கும்.

இராவணன் மீசைப் புல்லின் நுனி ஊசிமாதிரி. அதற்குமேல் ஓடினால் கால் சதை கிழியும். அடம்பனும் அந்தப் புல்லும்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஏறி உழக்கினால் அடுத்த சோளகத்தில் மேடு நகர்ந்துவிடும். 2004 ஆழிப்பேரலையில் இந்தக் கரை நிறையப் பேரை இழந்தது. சுனாமியில் போனவர்களின் கல்லறைகள் இருக்கும் இடத்தில் சைக்கிளை விட்டிறங்கி நடவுங்கள், படமும் எடுக்க வேண்டாம்.

முள்ளுக் குத்தினால் ரியூப்பை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ரயரின் உட்பக்கத்தைக் கொஞ்சம் பஞ்சால் அல்லது பழைய துணியால் சுற்றிவரத் தடவுங்கள், பஞ்சு மாட்டும் இடத்தில் முள் நிற்கிறது. அதை எடுக்காமல் போட்ட புது ரியூப் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஒட்டும்போது ரியூப்பை மணலில் வைக்காமல் துணியில் விரியுங்கள். அரத்தாளால் தேய்த்து, சொலுசன் மெல்லப் பூசி, ஐந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் ஒட்டுத்துண்டை வையுங்கள். ஈரமாக இருக்கும்போது அவசரப்பட்டு வைத்த ஒட்டு வல்லை வெளியில் கழரும், எப்போதும் அங்கேதான் கழரும்.

மணலை விட்டு வெளியே வந்ததும் றோட்டு அழுத்தத்துக்குக் காத்து ஏற்ற மறக்காதீர்கள். 20 பி.எஸ்.ஐ.யோடு தாரில் ஓடினால் கால் கனக்கும், ரயர் பக்கம் வெடிக்கும். திரும்பும்போது வல்லிபுரத்திலிருந்து துன்னாலைப் பக்கமாக நெல்லியடிக்கு ஏறினால் பருத்தித்துறை சுற்றுவது மிச்சம். ஆனால் சாமான் அறையில் விட்டிருந்தால் இந்த மிச்சம் கிடையாது. ஆகவே காலையிலேயே அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையோடு போகலாமா, பையைப் பட்டாக்காரர் வீட்டில் விடலாமா என்று முதல் நாளே முடிவெடுங்கள். மணல் டிப்பர்கள் ஓடும் றோட்டில் இருட்டியபிறகு சைக்கிளில் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்த அன்று

களைப்பில் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் படுத்தால் இரண்டு நாள் கழித்து எழுதாத செலவு தொடங்கும். அன்றே, அதிகபட்சம் அடுத்த நாள் காலை கழுவுங்கள். மோட்டார் சைக்கிள் சேர்விஸ் கடையில் கொடுத்து அழுத்தத் தண்ணீர் அடிக்கவே கூடாது. அது வெளியிலுள்ள மணலைக் குண்டுக்குள் தள்ளும். வாளியும் கோப்பையும் போதும், மேலிருந்து மெல்ல ஊற்றுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால் நல்ல தண்ணீர் இரண்டு வாளி வேறிடத்தில் எடுங்கள், உப்பை உப்பால் கழுவ முடியாது.

செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. பிறகு பழைய பல்துலக்கியால் பற்களுக்கிடையில். வெயிலில் இரண்டு மணித்தியாலம் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு, மேலதிகத்தைத் துணியால் துடையுங்கள். பிறேக் கட்டையைக் கழற்றி முகத்தைப் பாருங்கள், மணல் மணியாகப் பதிந்திருக்கும். ஊசி நுனியால் கிண்டி எடுத்து, அரத்தாளில் இரண்டு இழுப்பு. ஆசனத் தண்டை வெளியே இழுத்துத் துடைத்து, சிறிது கிறீஸ் பூசி மறுபடி போடுங்கள். உப்புப் பிடித்து இறுகிய தண்டை எடுக்கப் பிறகு வெட்ட வேண்டிவரும்.

அன்றிரவே கொப்பியை எடுத்துப் பட்டாவுக்கு ஒதுக்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள். மிச்சமான கைக்காவலையும் அப்படியே. அடுத்த நாள் காலை முன்சில்லை மறுபடி சுழற்றிக் காதை அச்சுக்குக் கிட்ட வையுங்கள். சத்தம் இல்லையென்றால் கணக்கை மூடலாம். சரசர என்றால் கைக்காவலில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போங்கள், அந்தக் கிழமைக்குள்ளேயே.